கனவில் வந்த மெட்டு யாருடையது?

தூக்கத்தில் தோன்றிய மெட்டு, எங்கோ கேட்டதுபோலவும் இருக்கிறது, பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னிக்கும் இதே கலக்கம் இருந்தது. ‘யெஸ்டர்டே’ பாடலின் மெட்டு கனவில் வந்ததும், யாருடையதையோ எடுத்துவிட்டோமோ என்று பயந்து, தெரிந்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டி விசாரித்தார். மெட்டுக்கு அவர் தற்காலிகமாகப் போட்ட வரி முட்டைப் பொரியலைப் பற்றியது! யாரும் உரிமை கோரவில்லை. 1965இல் ஒலிப்பதிவு செய்தார்.

அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ‘மை ஸ்வீட் லார்ட்’ ஒரு பழைய பாடலின் மெட்டு என்று வழக்கு வந்தது. அறியாமல் ஆழ்மனத்திலிருந்து எடுத்திருந்தாலும் அது உரிமை மீறல்தான் என்று 1976இல் நீதிபதி சொல்லிவிட்டார்.

ஆகவே மெட்டைக் கைப்பேசியில் முனகிப் பதிவு செய்து, பழைய பாடல்களில் ஊறிய நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலியை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.