வெளிநாடு போகும்போது வேறெங்கும் கிடைக்காத நினைவுப் பொருட்களையும் நல்ல கடைவீதிகளையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

"வேறெங்கும் கிடைக்காத" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது. 2019-ல் அப்படி ஒரு பொருளைக் கோலாலம்பூரில் தேடிப் பிடித்து வாங்கி, குடியாத்தத்தில் எங்கள் அப்பா கையில் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான்.

எந்த நாட்டுக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. கேள்வியைப் பார்த்தால் முதல் பயணம் என்று தோன்றுகிறது. நாலு ராத்திரி, அஞ்சு பகல் பேக்கேஜாக இருக்கும். ஊரில் குறைந்தது பதினைந்து வீட்டுக்காவது ஏதாவது வாங்கி வந்தாக வேண்டும். இல்லையென்றால், "ஃபாரின் போய்ட்டு வந்தான், ஒரு மிட்டாய்கூடத் தரல" என்ற பேச்சு அடுத்த காதுகுத்து வரை ஓடும். அந்தப் பதினைந்து வீட்டுக்குக் கோடாலித் தைலம், டைகர் பாம், சாக்லேட் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இதற்காகக் கடைவீதி தேடி அலையாதீர்கள், சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே விலை குறைவு. நம் கஷ்டமெல்லாம் மீதி இரண்டு மூன்று பேருக்கு வாங்குவதில்தான். எனக்கு அது அப்பாவும் அம்மாவும்.

முதலில் வழிகாட்டி விஷயம். எங்கள் வண்டி முதல் நாளே ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் நின்றது, அடுத்த நாள் ஒரு பாத்திக் துணிக் கடையில். வாசலில் இறங்கியதும் எல்லோர் சட்டையிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அது எதற்கு என்று அப்போது புரியவில்லை. எந்த வண்டி ஆள் எவ்வளவு வாங்கினார் என்று கணக்கு வைத்து, வழிகாட்டிக்குக் கமிஷன் கொடுக்கத்தான். இதில் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் பேக்கேஜ் வண்டிக்கென்றே காத்திருக்கும் கடையில் அந்த ஊர்க்காரர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சாயந்திரம் சும்மா விட்டார்கள். நானும் மனைவியும் ரயில் ஏறி பசார் செனி ஸ்டேஷனில் இறங்கினோம். பக்கத்திலேயே சென்ட்ரல் மார்க்கெட். 1888-ல் காய்கறி, மீன் சந்தையாக ஆரம்பித்த இடம், இப்போது கைவினைக் கடைகள். சுத்தமாக, குளுகுளுவென்று இருக்கிறது. பொருளும் நன்றாகத்தான் இருக்கிறது, விலைதான் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பெட்டாலிங் தெரு. எல்லாப் பெரிய பிராண்டும் அங்கே உண்டு, எதுவும் அசல் கிடையாது. மனைவி ஒரு கைப்பை வாங்கினாள், "ஒரிஜினல் லெதர்" என்று அடித்துச் சொன்னார்கள். பேர்ணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் நண்பன் பிறகு அதை மோந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னான்: "ரெக்சின்." தோலுக்குப் பேர்போன மாவட்டத்தில் பிறந்து ரெக்சினுக்குக் காசு கொடுத்தது நாங்களாகத்தான் இருக்கும்.

ஈயப் பாத்திரமும் பார்த்தேன். ராயல் சிலாங்கூர் என்று ஒரு கம்பெனி, 1885-லிருந்து இருக்கிறது. பியூட்டர் என்கிறார்கள். பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் செம்பும் ஆன்டிமனியும் சேர்த்தது. கோலாலம்பூரே ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் என்பதால் இது உண்மையிலேயே அந்த மண்ணின் பொருள்தான். ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். நான் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்துவிட்டேன்.

அப்புறம் மஸ்ஜித் இந்தியா சாலைக்குப் போனோம். புடவை, பூ, அத்தர், தொப்பி என்று ஒரே நெரிசல். நீங்கள் சனிக்கிழமை போனால் பக்கத்துச் சந்தில் இரவுச் சந்தையும் உண்டு. ஒரு ஜவுளிக் கடையில் வயதான பாய் உட்கார்ந்திருந்தார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கமாம். "பாய், எங்கப்பாவுக்கு இந்த ஊர்ப் பொருளா, இந்த ஊர் ஆளுங்க நெசமாவே பயன்படுத்துறதா ஒண்ணு வேணும்" என்றேன். இது நல்ல கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன், நீங்களும் இப்படியே கேளுங்கள். அவர் யோசிக்காமல் ஒரு கட்டம் போட்ட துணியை எடுத்துப் போட்டார். "கைன் பெலிக்காட், தம்பி. இங்கே மலாய்க்காரர் வீட்டில் இது இல்லாத ஆம்பளை கிடையாது. பள்ளிவாசலுக்கும் இதுதான், வீட்டிலும் இதுதான்."

கருநீலக் கட்டம், நடுவில் ஒரு பட்டை மட்டும் வேறு நிறம். அந்தப் பட்டைக்குக் கெபாலா என்று பெயர், மலாயில் தலை. நம் புடவைத் தலைப்பு மாதிரி. பளபளப்பான அட்டைப்பெட்டி, மேலே மலாய் எழுத்து. நாற்பத்தைந்து ரிங்கிட். அன்றைக்கு ரிங்கிட் பதினேழு ரூபாய் கணக்கில் எழுநூற்றைம்பதுக்கு மேல். பேரம்கூடப் பேசவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் அப்பா யார் என்று இங்கே சொல்ல வேண்டும். குடியாத்தத்தில் முப்பது வருஷம் குழித்தறி என்கிற கைத்தறியில் லுங்கி நெய்தவர். கூலிக்குத்தான், சொந்தப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நூல், கிடையாது. முதலாளி "இது ரங்கூன் சரக்கு, இது சிங்கப்பூர் சரக்கு" என்று சொல்லிக் கட்டமும் நிறமும் கொடுப்பார், அப்பா நெய்வார், அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுவார். துணி கப்பலேறிப் போனது. அப்பா காட்பாடி தாண்டியதெல்லாம் கல்யாணத்துக்கும் ஒரு நில வழக்குக்கும்தான்.

பெட்டியை வாங்கினார். மேலே எழுதியிருந்ததைப் பார்க்கவே இல்லை. துணியை உருவி, கரையைக் கட்டை விரலால் ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். கஞ்சி போட்டிருக்கிறதா என்று ஒரு மூலையைக் கசக்கினார். பிறகு எழுந்து டியூப்லைட்டுக்கு நேராக விரித்துப் பிடித்தார். கண் ஆபரேஷன் ஆனவர், பேப்பர் படிக்கவே கண்ணாடி தேடுவார். ஆனால் இதற்குக் கண்ணாடி கேட்கவில்லை.

"இன்னா வெல?"

சொன்னேன்.

"அறுபதாம் நம்பர் நூலு. விசைத்தறி. நம்ம பக்கத்துச் சரக்குடா இது. இதுக்கா பிளேன் ஏறிப் போன?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள் மடிப்பில் எறும்பளவு எழுத்தில், இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று இருந்தது.

குடியாத்தமேதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஈரோட்டுக்காரர்கள் யாராவது சண்டைக்கு வருவீர்கள். அப்பா சத்தியம் செய்கிறார். விசைத்தறியை இழிவாகச் சொல்லவும் இல்லை, எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அதுதான். மலேசியாவில் எல்லாமே இறக்குமதி என்று சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெலிக்காட் என்பதே நம் பழவேற்காடு, வெள்ளைக்காரன் வாயில் புலிகாட் ஆனது. 1600-களில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்து, இந்தக் கடற்கரைத் துணிகளை வாங்கிக் கிழக்கே கொண்டுபோய் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் மாற்றினார்கள். நானூறு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிற சரக்கை நான் ஒருத்தன் திருப்பி எடுத்து வந்திருக்கிறேன்.

அப்பா அதைக் கட்டவில்லையா என்றால், கட்டினார். ஒரு வாரம் கழித்து அதில் ஓரிடத்தில் ஊடையில், அதாவது குறுக்கு நூலில், ஒரு இழை விட்டுப் போயிருப்பதைக் கண்டுபிடித்தார். மெல்லிய கோடு, சொன்னால்தான் தெரியும். "என் காலத்துல இதுக்குக் கூலியில புடிப்பான்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த இடத்தைக் காட்டினார். பழைய தறிக்காரர் ஒருவர் வந்தபோது இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் வாங்கிக் கொடுத்த எந்தப் பொருளைப் பற்றியும் அவர் அவ்வளவு பேசியதில்லை.

அம்மாவுக்கு வாங்கியது பினாங்கில். ஜார்ஜ் டவுன் கடைவீதியில் ஜாதிக்காய் ஊறல் விற்கிறார்கள். விதையை அல்ல, மேல் சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறப்போட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் கொண்டுவந்து நட்ட மரங்கள், அங்கேயே பாலிக் புலாவ் பக்கம் இன்னும் தோட்டம் இருக்கிறதாம். நமக்கு ஜாதிக்காய் என்றால் பிள்ளைக்கு உரைத்து ஊற்றும் மருந்து, ரெண்டு இழைப்புக்கு மேல் போனால் பாட்டி கத்துவாள். அதன் சதையைத் தின்னலாம் என்றே அம்மாவுக்குத் தெரியாது. ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, "அட, உரை மருந்து வாசனை" என்றார். ஜாடி பத்து நாளில் காலி. நினைவுப் பொருள் என்று நான் உருப்படியாக வாங்கியது அதுதான், பதினைந்து ரிங்கிட்கூட ஆகவில்லை.

ஆக, வீதிப் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, அந்த ஊரில் என்ன விளைகிறது, எதை உட்கார்ந்து செய்கிறார்கள் என்று போவதற்கு முன் ஒரு மணி நேரம் படியுங்கள். ஓட்டலில் அறை துடைக்க வரும் அம்மாவிடம், "உங்க வீட்டுக்கு எங்கே வாங்குவீங்க?" என்று கேளுங்கள், வரவேற்பில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். உள் மடிப்பைப் பாருங்கள்.

வாங்குவதைவிடப் போய் வருவதுதான் பெரிய பாடு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலூர் பக்கம் அப்துல்லாபுரத்தில் விமானம் இறங்கும், இதோ வருகிறது அதோ வருகிறது என்றார்கள். நாங்கள் போனபோது அங்கே விமானம் எதுவும் இல்லை. விடியற்காலை விமானத்துக்கு முந்தின நாள் ராத்திரியே குடியாத்தத்தில் கார் ஏறி, பள்ளிகொண்டா, வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் என்று மூன்று இடத்தில் சுங்கம் கட்டி, வாலாஜாவுக்கு அப்பால் பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கிப் போனோம். மறு வருஷம் நீதிமன்றமே அந்தச் சாலைக்குப் பாதிக் கட்டணம் மட்டும் வாங்கச் சொன்னது, அப்படியென்றால் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் போன நேரத்தைவிட மீனம்பாக்கம் போன நேரம் அதிகமாகத் தெரிந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், வயிற்றெரிச்சல்.

ஒன்று விட்டுப்போனது. ஊறல் ஜாடியைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாகு இருப்பதால் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நாங்கள் வாங்கியது இரண்டு ஜாடி, ஒன்றை மனைவி கைப்பையில் வைத்திருந்தாள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போடச் சொன்னார்கள். "பதினஞ்சு ரிங்கிட்டுங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வரிசையை விட்டு விலகி நின்று மூடியைத் திறந்து தின்ன ஆரம்பித்தாள். பின்னால் நின்ற திருச்சிக்காரக் குடும்பத்துக்கும் ஆளுக்கு ரெண்டு துண்டு கொடுத்தாள்.