துணைவேந்தர் தேர்வுக்கு ஏ.எச்.பி. முறை ஒத்துவருமா?

துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும் தேடல் குழு, விண்ணப்பங்களை ஏ.எச்.பி. (Analytic Hierarchy Process) முறையில், அதாவது தகுதிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை கணக்கிடும் முறையில், மதிப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே தகுதிகளுக்கான எடைகளை (எது எவ்வளவு முக்கியம் என்ற எண்களை) முடிவுசெய்து கையெழுத்திட்டுவிட வேண்டும். பெயர்களைப் பார்த்தபின் எடை போட்டால், மனதுக்குப் பிடித்தவர் பக்கம் எண்கள் சாய்ந்துவிடும்.

2018ஆம் ஆண்டின் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகள், கல்விச் சிறப்பு, உயர்கல்வி அமைப்போடு உள்ள பரிச்சயம், நிர்வாக அனுபவம் ஆகியவற்றுக்கு உரிய முக்கியத்துவம் தரப்பட்டதை எழுத்தில் தரச் சொல்கின்றன. எதற்கு எவ்வளவு என்பது குழுவின் பொறுப்பு. தாமஸ் சாட்டி 1970களில் வடிவமைத்த இந்த முறை பயன்படுவது அங்கேதான்.

தகுதிகளை இரண்டிரண்டாக எடுத்து, 1 (சமம்) முதல் 9 (மிக மிக முக்கியம்) வரையுள்ள அளவில் ஒப்பிட வேண்டும். நிர்வாகம் ஆய்வைவிட 3 மடங்கு, நிதியைவிட 2 மடங்கு முக்கியம். நிதி ஆய்வைவிட 2 மடங்கு முக்கியம் என்று வைத்துக்கொள்வோம். எடைகள் நிர்வாகம் 0.54, நிதி 0.30, ஆய்வு 0.16 என்று வரும். பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்பதை முரண்பாட்டு விகிதம் காட்டும். அது 0.1ஐத் தாண்டினால் அந்த உறுப்பினரிடமே திரும்பக் கேளுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள்.

உறுப்பினர்களின் பதில்களைச் சேர்க்கும்போது சாதாரணச் சராசரி கூடாது. ஒருவர் 3 என்றும் மற்றவர் 1/3 என்றும் சொன்னால் இருவரும் சரிக்குச் சரி எதிரெதிர். விடை 1 வர வேண்டும். சாதாரணச் சராசரியில் 1.67 வந்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எண்களைப் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரியில்தான் 1 கிடைக்கும்.

விண்ணப்பதாரர்களை இப்படி ஜோடி ஜோடியாக ஒப்பிட முயலாதீர்கள். 30 பேர் என்றால் ஒரே தகுதிக்கு 435 ஒப்பீடுகள்! பாதியிலேயே சலித்துப்போய் ஏனோதானோவென்று எண் போடுவார்கள். தவிர, ஒருவர் விலகினாலே மற்றவர்களின் வரிசை மாறக்கூடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தகுதிக்கும் நான்கைந்து நிலைகளை எழுதி வைத்து, ஆளை அந்த நிலையில் பொருத்துங்கள். கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, எச்-இண்டெக்ஸ் (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துக் காட்டும் எண்) மூன்றையும் தனித்தனித் தகுதியாக்கினால் ஆய்வு மட்டும் மூன்று முறை எண்ணப்படும்.

நேர்மைக்கு எடை போடவே போடாதீர்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எடை போட்டால், நிதி முறைகேட்டில் சிக்கியவர்கூட ஆய்வு மதிப்பெண்ணால் ஈடுகட்டி மேலே வந்துவிடுவார். அது வாசலிலேயே பார்க்க வேண்டியது. பேராசிரியராகவோ, பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்திலோ 10 ஆண்டு அனுபவம் என்ற அடிப்படைத் தகுதியும் அப்படியே.

கடைசியில் எடைகளைச் சற்றே கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முதல் மூன்று பெயர்கள் மாறினால், எந்த எடையில் யார் மாறினார் என்பதைப் பெயர்ப்பட்டியலோடு எழுதியே அனுப்புங்கள்.