நாய்க்கு உண்ணிக் காய்ச்சல், பிளேட்லெட் குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். பிழைக்குமா?

சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற பாக்டீரியா ரத்தத்தில் ஏறி வெள்ளையணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது; பிளேட்லெட் சரிவதும் அதனால்தான். டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் தருவார்கள். சில நாளிலேயே வாலாட்டிச் சாப்பிடத் தொடங்கும், அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கலாம், சோற்றோடு கொடுங்கள். ஈறு வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நாயின் இயல்பான உடல்சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துப் பதறி, வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுபுரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள், ஆபத்து.

ராத்திரி முழுக்க அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், தெரியும். வீட்டில் முறை வைத்துத் தூங்குங்கள். பகலில் சுவர் வெடிப்புகளைத் தேடுங்கள். உண்ணி முட்டையிடுவது அங்கேதான், நாய்மேல் அல்ல.