ஜெய்ப்பூர் நிழல் காட்டும் நேரம்

கேள்வி: ஜெய்ப்பூரின் பழைய வானாய்வுக் கூடமான ஜந்தர் மந்தரின் பெரிய சூரிய கடிகாரம் என் கைக்கடிகாரத்தைவிட அரை மணி பின்னால் காட்டியதே, பழுதா?

பதில்: பழுதே இல்லைங்க. அது காட்டுவது ஜெய்ப்பூரின் சொந்த நேரம். உங்கள் கையில் ஓடுவது 82.5 பாகை தீர்க்கரேகைக்கான இந்திய நேரம், ஊரோ அதற்கு மேற்கே சுமார் 6.7 பாகை தள்ளி இருப்பதால் பாகைக்கு 4 நிமிடம் வீதம் 27 நிமிடம் பிந்தும், அப்புறம் பூமி சூரியனைச் சுற்றும் நீள்வட்டப் பாதையாலும் பூமி அச்சின் சாய்வாலும் மாதத்துக்கு மாதம் கால் மணி வரை கூடும், குறையும்.

ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது இது, 27 மீட்டர் உயரம். அடுத்த முறை நிழல் விழும் அந்த வளைந்த அளவுகோல் பக்கத்தில் குனிந்து பாருங்கள், நிழல் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் நகர்வது கண்ணுக்கே தெரியும்!