எட்டுப் பேர், இரண்டு இரவு, மூன்று தீவு

கேள்வி: கிளாஸ்கோவில் முதுகலை படிக்கிறேன். மே மாதத் தேர்வுகள் முடிந்ததும் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வார இறுதியில் ஸ்காட்லாந்தின் தொலைதூரத் தீவுகளுக்குப் போக நினைக்கிறோம். ஒருவர் லூயிஸ், ஹாரிஸ் போகலாம் என்கிறார். இன்னொருவர் செயின்ட் கில்டாதான் வேண்டும் என்கிறார். ஒரே ஒருவரிடம்தான் ஓட்டுநர் உரிமம் உண்டு, அதுவும் இந்திய உரிமம். மூன்று பேர் சைவம். கடல் பயணம் என்றாலே அம்மா பயப்படுகிறார். திங்கள்கிழமை ஆய்வக வேலைக்குத் திரும்ப முடியாமல் போனால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று எனக்கும் பயம். எங்கே, எப்படிப் போகலாம்?
— வாசகி, கிளாஸ்கோ

பதில்: லூயிஸும் ஹாரிஸும் ஒரே தீவின் இரு பகுதிகள், அருமையான இடங்கள். ஆனால் வார இறுதிக்குள் அடங்காதவை. கிளாஸ்கோவிலிருந்து இன்வர்னஸ் வழியாக உல்லாபூல் துறைமுகம் போய்ச் சேரவே பாதி நாள் ஆகும். அங்கிருந்து ஸ்டோர்னோவேக்குக் கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஞாயிறு ஓய்வுநாள் என்ற மரபு அங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. அன்று பேருந்து ஓடாது, பெரும்பாலான கடைகள் திறக்காது. கார் இல்லாத எட்டுப் பேருக்கு அந்த நாள் வீண். செயின்ட் கில்டா, லூயிஸும் ஹாரிஸும் அடங்கிய வெளித் தீவுகளுக்கும் மேற்கே 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கடைசியாக எஞ்சிய 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று தாங்களே கேட்டுக்கொண்டு வெளியேறிய தீவு அது. இன்றும் அலை சரியில்லை என்றால் சுற்றுலாப் படகு புறப்படாது. ஒரு வாரம் கையில் இருப்பவர்கள் காத்திருந்து போகும் இடம். இரண்டையும் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது ஓபன் துறைமுகத்திலிருந்து மல், ஐயோனா, ஸ்டாஃபா என்னும் மூன்று தீவுகள். கிளாஸ்கோ குயீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஓபனுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பேருந்திலும் ஏறக்குறைய அவ்வளவே. ஓபனிலிருந்து மல் தீவின் கிரெய்க்னியூருக்குக் கால்மாக் நிறுவனத்தின் கப்பலில் ஐம்பது நிமிடம். அங்கிருந்து தீவின் மறுகோடியான ஃபின்னஃபோர்ட்டுக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். எதிரே தெரியும் ஐயோனாவுக்குச் சின்னக் கப்பலில் பத்து நிமிடம். நடந்து ஏறுபவர்களுக்குக் கப்பல் கட்டணம் சில பவுண்டுகள்தான். 22 வயது நிறையாதவர் யாராவது இருந்தால், ஸ்காட்லாந்தில் வசிக்கும் இளையோருக்கான இலவசப் பேருந்து அட்டைக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் 16–25 ரயில் அட்டை வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு குறையும். முழுநேர மாணவர் என்றால் 26 வயதைத் தாண்டியவருக்கும் அது கிடைக்கும்.

திட்டத்தை எல்லாரும் வெள்ளி மாலையிலிருந்து போட ஆரம்பிப்பார்கள். நீங்கள் ஞாயிறு இரவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஓபனிலிருந்து கிளாஸ்கோவுக்குக் கடைசி ரயில் அல்லது பேருந்து எத்தனை மணிக்கு? அதைப் பிடிக்க கிரெய்க்னியூரில் எந்தக் கப்பலில் ஏற வேண்டும்? அந்தக் கப்பலுக்கு வந்து சேரும் ஃபின்னஃபோர்ட் பேருந்து எது? அதற்கு முன் ஐயோனாவிலிருந்து எந்தப் படகு? இந்த நான்கு நேரங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். அதில் கடைசிக் கப்பலை அடித்துவிட்டு, அதற்கு முந்தைய கப்பலை உங்களுடையதாக்கிக் கொள்ளுங்கள். இந்தப் பயணம் பெரும்பாலும் கெட்டுப்போவது பேருந்தில்தான். நாளைக்குச் சில பேருந்துகளே ஓடும் சாலை அது, ஞாயிறன்று இன்னும் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் கப்பலும் போய்விடும். கோடைக்கால அட்டவணையும் குளிர்கால அட்டவணையும் வேறு வேறு என்பதால், பார்ப்பது உங்கள் தேதிக்கு உரியதுதானா என்று சரிபாருங்கள்.

வெள்ளி மாலை ரயிலேறி ஓபனில் தங்குங்கள். அன்றே தீவுக்குப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் இணங்க வேண்டாம், இருட்டில் இறங்கிப் பேருந்து இல்லாமல் நிற்க நேரிடும். சனி காலைக் கப்பல், மதியம் ஸ்டாஃபா, இரவு ஐயோனா, ஞாயிறு முற்பகல் ஐயோனாவைச் சுற்றிவிட்டுத் திரும்புதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயோனாவில் தங்கும் விடுதிகள் கொஞ்சம்தான், எட்டுப் படுக்கை ஒன்றாகக் கிடைப்பது அரிது. ஆகவே முதலில் அந்தப் படுக்கைகளைப் பிடித்துவிட்டு அதற்கேற்பத் தேதியை முடிவு செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஃபின்னஃபோர்ட் பக்கம் தேடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "நானும் வர்றேன்" என்று சொன்னவர்களை எண்ணிப் பதிவு செய்யாதீர்கள், பணம் அனுப்பியவர்களை எண்ணுங்கள். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் வங்கி விடுமுறை. அந்த இரண்டு வார இறுதிகளையும் தவிர்த்தால் கூட்டம் குறையும்.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. மேற்குக் கரையில் மழை குறைவான பருவம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான். இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மிட்ஜ் எனப்படும் கடிக்கும் சிறு பூச்சிகள் மே கடைசியில்தான் பெருகத் தொடங்கும். கோடை நடுவில் காற்றில்லாத மாலையில் அவை மனிதரை வெளியே நிற்கவிடாது. லேசாகக் காற்று வீசினாலே பறக்க முடியாமல் அடங்கிவிடும்.

ஸ்டாஃபா பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயணத்தின் உச்சமும் அதுதான், ஏமாற்றம் நேரக்கூடிய இடமும் அதுதான். யாரும் வசிக்காத சிறு தீவு. ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது வெடித்து, அறுகோணத் தூண்களாகப் பிளந்து நின்றது. அந்தத் தூண்களுக்கு நடுவே கடல் குடைந்ததுதான் ஃபிங்கல் குகை. 1829இல் இங்கே வந்த இசைமேதை மெண்டல்சோனின் 'ஹெப்ரிடீஸ்' இசைக்கோவைக்கு இந்தப் பயணம்தான் தூண்டுதல். ஃபின்னஃபோர்ட்டிலிருந்து போய்வர மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் கரையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். வானம் தெளிவாக இருப்பதால் மட்டும் இறங்க முடியும் என்று எண்ணாதீர்கள். அட்லாண்டிக்கில் எங்கோ அடித்த புயலால் எழுந்த அலை தென்மேற்கிலிருந்து வந்து இறங்குதுறையில் மோதினால், வெயிலடிக்கும் நாளிலும் படகை நிறுத்த முடியாது. அப்போது குகைக்கு முன்னால் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். இறங்க முடியாவிட்டால் கட்டணத்தில் என்ன திருப்பித் தருவார்கள், குகைக்குப் போகும் பாறைப் பாதை திறந்திருக்கிறதா, திரும்பும்போது ஐயோனாவிலேயே இறக்கிவிடுவார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். சனிக்கிழமைக்குப் பதிவு செய்தால், அன்று ரத்தானாலும் ஞாயிறு காலை மாற்றிக் கேட்க வழி இருக்கும்.

பஃபின் பறவைகள் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை அங்கே இருக்கும். புல்தரையின் விளிம்பில் வளை தோண்டி முட்டையிடுபவை. மேலே ஏறி, வளைகளிலிருந்து விலகி, சத்தமில்லாமல் உட்கார்ந்தால் அவையே பக்கத்தில் வந்து இறங்கும். மனிதர் இருக்குமிடத்தில் அவற்றின் எதிரியான கடற்புறா நெருங்குவதில்லை. விளிம்புவரை போகாதீர்கள். அடியில் வளை குடைந்த மண் சரியும், தடுப்புக் கம்பியும் கிடையாது. கீழே கறுப்பாகப் பாசி படிந்த ஈரத் தூண்களில் கால் வைக்க வேண்டாம். பிடிமானமுள்ள காலணி எட்டுப் பேருக்கும் கட்டாயம்.

கடல் குமட்டலுக்கு மருந்துக் கடையில் சின்னரிசைன் அல்லது ஹையோசின் மாத்திரை கேளுங்கள். முன்னது புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும், பின்னது அரை மணி முன்பும் போட வேண்டும். குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பெரிய பயனில்லை. இரண்டுமே தூக்கம் வரவழைக்கும். வேறு மருந்து சாப்பிடுபவர் மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வாங்கட்டும். வெறும் வயிற்றோடு ஏறாமல், படகின் நடுப்பகுதியில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: கப்பல் விடலாமா வேண்டாமா என்பதை மாலுமிகள் முடிவு செய்கிறார்கள், சந்தேகம் வந்தால் ரத்து செய்துவிடுவார்கள். உண்மையான ஆபத்து கரையில் இருக்கிறது. ஐயோனாவின் வடமுனையில் வெண்மணலும் பச்சை நீரும் பார்த்தவுடன் குதிக்கத் தூண்டும். மே மாதத்தில் அந்த நீர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். திடீரென விழுந்தால் மூச்சு இரைத்து, தண்ணீரை உள்ளிழுக்க நேரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் மூழ்குகிறார்கள். கணுக்கால்வரை நனைத்தால் போதும். தவறி விழுந்தால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதக்க வேண்டும், மூச்சு சீரானபின்தான் கையசைக்க வேண்டும். கரையில் இருப்பவர் 999ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேட்கட்டும்.

கார் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பிரிட்டனில் குடியேறி 12 மாதம்வரை இந்திய உரிமம் செல்லும் என்றாலும், இளம் ஓட்டுநருக்குப் பல வாடகை நிறுவனங்கள் கார் தருவதில்லை அல்லது கூடுதல் கட்டணம் கேட்கின்றன. எட்டுப் பேர் ஒரு காரில் அடங்கவும் மாட்டீர்கள். கப்பலில் காருக்கான இடம் கோடையில் வெகு முன்பே தீர்ந்துவிடும், ஐயோனாவுக்குள் வெளியூர்க் காரை அனுமதியில்லாமல் விடுவதும் இல்லை. மல் தீவில் பெரும்பகுதி ஒற்றைத் தடச் சாலை. ஆங்காங்கே ஒதுங்கிடம் இருக்கும். அது இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்க வேண்டும், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் தடத்திலேயே நின்று எதிர்வண்டியை ஒதுங்கவிட வேண்டும். முதல் முறை ஓட்டுபவர் அவசரத்தில் பழக வேண்டிய சாலை அல்ல.

சாப்பாட்டுக்குத் தீவுக் கடையை நம்பாதீர்கள். இருப்பது சிறு கடை, மாலையில் மூடிவிடும். விடுதியில் சமையலறை உண்டா என்று உறுதி செய்துகொண்டு கிளாஸ்கோவிலிருந்தே எடுத்துப் போங்கள். எட்டுப் பேருக்கு ஒரு வேளைக்கு 800 கிராம் அரிசி, 400 கிராம் மசூர் பருப்பு. துவரம் பருப்பு குக்கர் இல்லாமல் வேக நேரமெடுக்கும், மசூர் இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். பெரிய பாத்திரத்தில் வடித்த சோறுதான் எளிது. தாளிப்பை வீட்டிலேயே எண்ணெயில் செய்து ஆறவைத்துச் சின்ன பாட்டிலில் கொண்டுபோங்கள். விடுதி அடுப்பில் கடுகும் மிளகாயும் வெடிக்கவிட்டால் புகை எச்சரிக்கை மணி கட்டடத்தையே எழுப்பிவிடும். ஞாயிறு மதியத்துக்குப் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். காலையில் வடித்துக் கிளறிக் கட்டிக்கொண்டால் பேருந்திலும் சாப்பிடலாம்.

குடை காற்றில் நிற்காது. நீர் புகாத மேலங்கியும் காற்சட்டையும் கொண்டுபோங்கள். நனைந்த ஜீன்ஸ் மறுநாளும் காயாது. சக்கரப் பெட்டி வேண்டாம், துறையிலிருந்து விடுதிக்கு நடக்க வேண்டியிருக்கும். செல்பேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் சீட்டு, அட்டவணை, வரைபடம் மூன்றையும் முன்பே செல்பேசியில் இறக்கிவையுங்கள். புல்வெளியில் நடந்தால் இரவில் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணெய் ஊற்றாமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பின்னால் அந்த இடத்தில் சிவந்த வட்டம் பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.

விசா பற்றி: ஒரு திங்கள்கிழமை தவறியதற்காக மாணவர் விசா போகாது. சொல்லாமல் தொடர்ந்து வராமல் இருப்பதுதான் பல்கலைக்கழகத்தை உள்துறைக்குத் தெரிவிக்க வைக்கும். வெள்ளி காலையிலும், சனி இரவிலும் கால்மாக் நிலவர அறிவிப்பைப் பாருங்கள். ஞாயிறு பிற்பகலில் பலத்த காற்று என்று எச்சரித்திருந்தால் ஞாயிறு முதல் படகிலேயே கிளம்புங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால் ரத்து அறிவிப்பைப் படமெடுத்து, துறை அலுவலகத்துக்கும் ஆய்வு நெறியாளருக்கும் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கப்பல் கட்டணம் திரும்பக் கிடைக்கும் அல்லது அடுத்த கப்பலுக்கு மாறும், ஆனால் கூடுதல் இரவுக்கான விடுதிச் செலவு உங்களுடையது. ஆளுக்கு 40 பவுண்டு தனியாக ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். செலவாகாவிட்டால் திங்கள்கிழமை திருப்பிக் கொடுக்கட்டும்.