வாடகை உயர்வுக்காக ஓய்வுக்காலச் சேமிப்பை உடைக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். நான் கிடங்கில் மணிக்கூலி வேலை செய்கிறேன். மனைவி மளிகைக் கடையில் பகுதி நேரம் வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 52,000 டாலர். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். அடுத்த மாதம் முதல் வாடகை 1,900 டாலருக்குப் பதில் 2,350 டாலர், முடியாவிட்டால் காலி செய்யுங்கள் என்று உரிமையாளர் கைபேசியில் செய்தி அனுப்பியிருக்கிறார். வேறு வீடு பார்க்க, வேலையிடம் வழியாக ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் என் 401(கே) கணக்கிலுள்ள 11,000 டாலரிலிருந்து 6,000 டாலர் எடுக்கலாமா? எனக்கு வயது 38.

பதில்: எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் 10 விழுக்காடு அபராதம், அதாவது 600 டாலர், போகும் என்பது பலருக்கும் தெரியும். எடுக்கும் தொகை அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்வதால் வருமான வரியும் ஏறத்தாழ 650 டாலர் கூடும். ஆனால் உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு உண்மையான அடி வேறிடத்தில் விழுகிறது. உழைக்கும் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் ஏர்ன்டு இன்கம் டாக்ஸ் கிரெடிட் என்ற வரிச்சலுகை, உங்கள் வருமான நிலையில், கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் சுமார் 21 டாலர் குறையும். 2025ஆம் ஆண்டு விகிதப்படி உங்களுக்கு வரவேண்டிய சுமார் 2,600 டாலரில் 1,260 டாலர் இவ்வாறு கரைந்துவிடும். அதில் 40 விழுக்காட்டைத் தன் பங்காகத் தரும் நியூ ஜெர்சி மாநிலத்தின் சலுகையிலும் 500 டாலர் குறையும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், எடுக்கும் 6,000 டாலரில் பாதிதான் உங்களுக்கு மிஞ்சும். கிடங்கில் நாள் முழுவதும் நின்று சேர்த்த பணம் இப்படிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. (இந்தச் சலுகையை இதுவரை கோராமல் விட்டிருந்தால், மூன்று ஆண்டுகளுக்குள் திருத்திய கணக்குத் தாக்கல் செய்து பெறலாம்.)

வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகை போகக்கூடாது என்ற விதியைச் சொல்லி உங்களை வருத்த நான் விரும்பவில்லை. அந்த விதிப்படி நீங்கள் 1,300 டாலருக்கு வீடு தேட வேண்டும். இப்போதைய வாடகையே 44 விழுக்காடு, புதிய வாடகையோ 54 விழுக்காடு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் உண்மையிலேயே வெளியேற வேண்டுமா என்பதைத்தான்.

நியூ ஜெர்சியில் 1974 முதல் நடப்பிலுள்ள வெளியேற்றத் தடைச் சட்டப்படி, சட்டம் குறிப்பிடும் காரணம் இன்றி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. உரிமையாளரும் குடியிருந்து, வாடகைக்கு விட்டவை இரண்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தும். முறைப்படி அறிவிக்கப்பட்ட, நியாயமான உயர்வைக் கட்ட மறுப்பது வெளியேற்றக் காரணம்தான். ஆனால் மனச்சாட்சிக்கு ஒவ்வாத உயர்வைச் சட்டம் ஏற்பதில்லை, உயர்வு அப்படிப்பட்டதல்ல என்று நீதிமன்றத்தில் காட்டவேண்டிய பொறுப்பு உரிமையாளருடையது. ஒரே தாவலில் 24 விழுக்காடு என்பதைக் கேள்விக்கு உட்படுத்த உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. பழைய ஒப்பந்தத்தை முடித்துப் புதிய வாடகையை முன்வைக்கும் எழுத்துமூல நோட்டீஸ், குறைந்தது ஒரு மாதம் முன்னதாக வரவேண்டும். கைபேசிச் செய்தி அதற்கு ஈடாகாது என்றே கருதுகிறேன். நகராட்சியில் வாடகைக் கட்டுப்பாட்டு விதி உண்டா என்று கேளுங்கள், வருமானம் குறைந்தோருக்கு இலவசமாக உதவும் லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி அமைப்பை இந்த வாரமே தொடர்புகொள்ளுங்கள். அதுவரை பழைய வாடகையை ஒரு நாளும் தவறாமல், காசோலையாகவோ மணியார்டராகவோ கட்டி, ரசீதை வைத்திருங்கள். நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டை மாற்றவோ பொருள்களை வெளியே வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்பதை மனைவியிடமும் சொல்லிவையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, பேசி 2,050 டாலர் அளவில் ஒப்பந்தம் முடிந்தால், இடம் மாறுவதைவிட அதுவே உங்களுக்கு மலிவு. 2,100 டாலர் வாடகையில் வேறு வீடு பார்த்தாலும், முதல் மாத வாடகையும், சட்டம் அனுமதிக்கும் உச்சமான ஒன்றரை மாத டெபாசிட்டும் சேர்ந்து 5,250 டாலர் முன்கூட்டியே வேண்டும். பழைய டெபாசிட் திரும்பி வர முப்பது நாள் வரை ஆகலாம். வட்டியோடு வரவேண்டிய அந்தத் தொகையை உரிமையாளர் முறையின்றிப் பிடித்துக்கொண்டால், நீதிமன்றம் வழியாக இரட்டிப்பாகக் கோரலாம்.

மாறியே தீரவேண்டிய நிலை வந்தால், 401(கே) பணத்தை எடுக்காமல், உங்கள் நிறுவனத்தின் திட்டம் அனுமதித்தால் அதிலிருந்து கடனாக வாங்குங்கள். பொதுவாக, உங்களுக்கு முழு உரிமையான இருப்பில் பாதி வரை, அதாவது 5,500 டாலர் வரை, கிடைக்கும். ஐந்தாண்டுகளில் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். கடன் வருமானமாகக் கணக்கிடப்படாது. எனவே மேலே சொன்ன சலுகைகள் குறையா. வேலையை விட்டால் மட்டும் மீதிக் கடன் எடுத்த பணமாகக் கருதப்படக்கூடும், ஆகவே வேலை மாறும் எண்ணம் இருந்தால் இதையும் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் வயதுள்ள வாடகைதாரருக்கு 450 டாலர் வரை தரும், நியூ ஜெர்சி மாநிலத்தின் சொத்து வரி நிவாரணமான ஆங்கர் திட்டத்துக்கு விண்ணப்பித்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. விடுபட்டிருந்தால் அடுத்த விண்ணப்பக் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகும்போது ஒப்பந்தம், ஆறு ஆண்டு ரசீதுகள், அந்தச் செய்தியின் அச்சுப்படி ஆகியவற்றோடு, உங்கள் டெபாசிட் எந்த வங்கியில் உள்ளது என்று உரிமையாளர் எழுதித் தந்த கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அப்படியொரு கடிதம் உங்களுக்குத் தரப்படவே இல்லை என்றால், அதை முதலில் சொல்லுங்கள். டெபாசிட்டையே வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமை அதனால் உங்களுக்குக் கிடைக்கக்கூடும்.