மகனின் மாத்திரையும் கைப்பட்டியின் கணக்கும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. தரம் 4 படிக்கிறான். ஓரிடத்தில் இருக்கமாட்டான், சொல்வதை முழுதாகக் கேட்கமாட்டான். கிளினிக்கில் பார்த்து ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) என்று சொல்லி, மெத்தில்ஃபெனிடேட் 5 மில்லிகிராம் மாத்திரை காலையில் ஒன்று கொடுக்கச் சொன்னார்கள். மூன்று வாரமாகிறது. மருந்து தொடங்க முந்திய வாரம் என் தம்பி கொழும்பிலிருந்து ஸ்மார்ட் கைப்பட்டி ஒன்று வாங்கி வந்து கட்டிவிட்டான். அப்போது ஒரு நாளைக்கு 14,200 ஸ்டெப்ஸ் காட்டியது. இப்போது 13,600. பாடசாலை இரண்டு கிலோமீற்றர் தூரம், நடந்துதான் போய்வருகிறான். மருந்து பிடிக்கவில்லையா? அரை மாத்திரை கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். கூட்ட வேண்டாம், அரை மாத்திரைகூட வேண்டாம். 5 மில்லிகிராம் என்பது தொடங்கும் அளவு. போதாவிட்டால் கிழமைக்கு ஒருமுறை பார்த்து 5 அல்லது 10 மில்லிகிராமாகக் கூட்டுவது வழக்கம்தான். ஆனால் கூட்டும்போதெல்லாம் நிறை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு மூன்றையும் பார்த்தாக வேண்டும். அதனால் அது டொக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

இனி அந்த 600 காலடி. மருந்து பிடித்ததா என்பதை நாள் முழுக்க நடந்த மொத்தத்தில் தேடினால் கிடைக்காது. உங்கள் எண்களையே பிரித்துப் பாருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் ஒரு காலடி அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். அப்படியென்றால் இரண்டு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 3,600 காலடி, போய்வர 7,200. மொத்தத்தில் பாதி ரோட்டிலேயே முடிந்துவிட்டது. பின்னேரம் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசலில் கிரிக்கெட், கடைக்கு ஓட்டம், இடைவேளையில் ஓடிப்பிடிப்பது என்று இன்னும் ஐந்தாயிரத்துச் சொச்சம் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் இருக்க வேண்டிய நேரத்தில் அவன் எழும்பித் திரிந்தது ஆயிரத்து இருநூறோ முந்நூறோதான். அது சரிபாதியாகக் குறைந்தால்கூட மொத்தத்தில் 600தான் குறையும். ஆகவே உங்கள் 600 நல்ல சேதியாகவும் இருக்கலாம், மழை பெய்து கிரிக்கெட் நின்றுபோன கணக்காகவும் இருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது மணித்தியாலக் கணக்கு. நீங்கள் எழுதியிருக்கும் சாதாரண வகை மாத்திரை, விழுங்கி அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். இரண்டு மணித்தியாலமளவில் உச்சத்தில் இருக்கும். நான்கு மணித்தியாலத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். 6.45க்குக் கொடுத்து அனுப்பினால் பாடசாலை தொடங்கும் 7.30க்குப் பிடிக்கத் தொடங்கி, 10.45, 11 மணியோடு விட்டுவிடும். பாடசாலை விடுவதோ 1.30க்கு. கடைசிப் பாடங்களுக்கு மருந்து இல்லை என்றுதான் அர்த்தம்.

அதனால் ஃபோனில் அந்த நாளின் வரைபடத்தைத் திறந்து, ஒவ்வொரு மணித்தியாலக் கோட்டையும் தொட்டு, இரண்டு நேரத்துண்டுகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: காலை 8 முதல் 10 வரை, 11.30 முதல் 1 வரை. மணித்தியாலமாக மட்டும் காட்டும் செயலி என்றால் இரண்டாவது துண்டை 12 முதல் 1 வரை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நேரங்களுக்குள் இடைவேளையோ உடற்கல்விப் பாடமோ விழுந்தால் அந்த நாளை ஒதுக்கிவிடுங்கள். ஐந்து பாடசாலை நாள் சேர்ந்ததும் எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி நடுவில் வரும் மூன்றாவதை எடுங்கள். சராசரி வேண்டாம். விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்த ஒரே ஒரு நாள் சராசரியைத் தூக்கிவிடும். மருந்துக்கு முந்திய வாரத்தின் பதிவு இன்னும் ஃபோனில் இருந்தால் அதையும் இதே மாதிரிப் பிரித்தெடுங்கள், பெரிய உதவி. அழிந்துபோயிருந்தால் விட்டுவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாத்திரையை நிறுத்தி வைக்கவே கூடாது.

காலைத் துண்டில் குறைந்து மத்தியானத் துண்டில் பழையபடி இருந்தால் மருந்து வேலை செய்கிறது, நேரம்தான் போதவில்லை. இரண்டிலும் மாற்றம் இல்லையென்றால் அளவு போதாமல் இருக்கலாம். இல்லையேல் கைப்பட்டிக்கு அவனுடைய அசைவு பிடிபடாமல் இருக்கலாம். இந்த இரண்டாவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிக்குக் கட்டும் அசைவுமானி செக்கனுக்குப் பலமுறை அசைவை அளந்து நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிவைக்கும். கடைக் கைப்பட்டி அப்படியில்லை. அது காலடியை மட்டும் தேடுகிறது. அதுவும் பல கைப்பட்டிகள், தொடர்ச்சியாகப் பத்துக் காலடியாவது வைத்தால்தான் கணக்கில் எடுக்கும். உங்கள் மகன் எழும்பி நாலடி நடந்து பக்கத்து மேசையில் அழிறப்பர் வாங்கிக்கொண்டு திரும்பினால் அது பதிவாகாது. இருந்த இருப்பில் காலை ஆட்டுவதும் பதிவாகாது. எதிர்ப்பக்கமாகவும் பிழை வரும். குழி விழுந்த தோட்டத்து ரோட்டில் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வந்தால் அந்தக் குலுக்கலையெல்லாம் நடையென்று சேர்த்துவிடும். ஆகவே வண்டியில் போன நாளைக் கொப்பியில் குறித்துவையுங்கள்.

ஒருநாள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அவனை 100 காலடி எண்ணி நடக்கவிடுங்கள். கைப்பட்டி 90க்கும் 110க்கும் இடையில் காட்டினால் போதும். பிறகு கைப்பட்டியைக் கழற்றிச் சுருட்டிய துவாயில் கட்டி நாடித்துடிப்பு பாருங்கள். துவாய்க்கும் 78, 82 என்று துடிப்பு காட்டும் மலிவுக் கைப்பட்டிகள் இருக்கின்றன! உங்களுடையதும் காட்டினால் அதன் நாடிக் கணக்கை அடியோடு மறந்துவிடுங்கள். இரத்த அழுத்தம் காட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதையும் நம்ப வேண்டாம்.

கட்டுவது எழுதாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே. வாரும் தோலும் உரசும்படி, ஆனால் ஒரு விரல் நுழையும்படி. ஸ்வெட்டருக்கு மேலே கட்டினால் நாடி தெரியாது. உங்கள் பக்கத்துக் குளிரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கை விறைத்திருந்தால் தோலுக்கு வரும் இரத்தம் குறையும், பச்சை வெளிச்சம் விட்டுத் துடிப்பைப் படிக்கும் கருவி தடுமாறும். விடியற்காலையில் வரும் விசித்திர எண்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஒருநாள் கையில், ஒருநாள் காலில் என்று இடம் மாற்றவும் வேண்டாம். மழையில் நனைந்து வந்தால் கழற்றித் துடைத்துவிடுங்கள், வாருக்கடியில் ஈரம் நின்றால் தோல் சிவந்துவிடும்.

பாடசாலைக்குக் கட்டி அனுப்ப முந்தி அதிபரிடமும் வகுப்பாசிரியையிடமும் சொல்லிவிடுங்கள். அதிர்வு, அலாரம், அழைப்பு அறிவிப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கவனம் நிற்காத பிள்ளையின் கையில் அடிக்கடி அதிரும் பொருளைக் கட்டிவிடுவது நாமே வினையை விலைக்கு வாங்குவது. திரையில் காலடி எண்ணிக்கை தெரியாமல் வெறும் மணி மட்டும் தெரியும்படி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. எண்ணைப் பார்த்துவிட்டால் அதைக் கூட்டுவதற்கென்றே கையை ஆட்டும் பிள்ளைகள் உண்டு. தண்டிக்கக் கட்டியதில்லை என்பதையும் அவனுக்கு விளங்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட ஒன்று முக்கியம். அசைவு குறைவது மட்டுமே மருந்து பிடித்ததற்கு அடையாளமாகாது. 1983இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகைத்துடிப்புள்ள சிறுவர்களுக்கு இடுப்பில் அசைவுமானி கட்டி, மெத்தில்ஃபெனிடேட் போலவே ஊக்கி வகையைச் சேர்ந்த டெக்ஸ்ட்ரோஅம்ஃபெட்டமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வகுப்பறையில் அசைவு குறைந்தது. உடற்பயிற்சி நேரத்தில் குறையவில்லை, மாறாகக் கூடியது. இருக்க வேண்டிய இடத்தில் இருந்து, ஓட வேண்டிய இடத்தில் ஓடுகிறானா என்றுதான் பார்க்க வேண்டும். பின்னேரக் கிரிக்கெட்டில் முந்திய மாதிரியே துருதுருவென்று ஓடினால் சந்தோஷப்படுங்கள். ஓடாமல், பேசாமல், முகம் வாடி ஒரு மூலையில் குந்தியிருந்தால் கைப்பட்டியில் எண் அழகாகக் குறைந்திருக்கும். ஆனால் அது மருந்து கூடிப்போனதன் அறிகுறியாக இருக்கலாம். டொக்டரிடம் உடனே சொல்ல வேண்டிய விஷயம் அது.

கவனத்தைக் கைப்பட்டி அளக்காது. அதற்கு டீச்சர்தான் வேண்டும். 1999இல் முடிவுகள் வெளியான, 579 பிள்ளைகளை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்விலும், மாதாமாதம் பார்த்து, ஆசிரியரிடமும் கேட்டு அளவைச் சரிசெய்த பிள்ளைகள், வெளியில் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். டீச்சருக்கு நாற்பது பிள்ளைகள் இருக்கும், பெரிய படிவம் கொடுக்காதீர்கள். மூன்றே கேள்வி: இடம் விட்டு எழும்பினானா, வேலையைப் பாதியில் விட்டானா, மற்றப் பிள்ளைகளைக் குழப்பினானா. இல்லை என்றால் 0, கொஞ்சம் 1, நிறைய 2, மிக நிறைய 3. இடைவேளைக்கு முன் ஒரு தடவை, பாடசாலை விட முன் ஒரு தடவை. இந்த எண்ணும் கைப்பட்டியின் எண்ணும் முரண்பட்டால் டீச்சர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவில் கைப்பட்டியை ஓரளவுக்குத்தான் நம்பலாம். இந்த மருந்து சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வரத் தாமதமாக்கும். அசையாமல் விழித்துக் கிடந்தாலும் கைப்பட்டி தூங்கிவிட்டான் என்று எழுதிவிடும். லைட் அணைத்த நேரத்தையும் உண்மையில் தூங்கிய நேரத்தையும் நீங்களே குறியுங்கள். பசியும் குறையும், முக்கியமாக மத்தியானத்தில். அதனால் காலையில் ரொட்டியோ சோறோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மாத்திரை, இராச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக. சாப்பாட்டுப் பெட்டியில் எவ்வளவு மீந்து வருகிறது என்பதும் கொப்பியில் வரட்டும்.

நாடித்துடிப்பு கொஞ்சம் கூடுவது இந்த மருந்தில் எதிர்பார்ப்பதுதான். பள்ளத்திலிருந்து படியேறி லயத்துக்கு வந்ததும் 150 காட்டினால் பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, உங்கள் இரண்டு விரலை அவன் மணிக்கட்டில் வைத்து 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அப்படிப் பார்த்தும் திரும்பத் திரும்ப 120க்கு மேல் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். மயக்கம், நெஞ்சுவலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளினிக்குக்கு ஃபோனை நீட்டிக்கொண்டு போகாதீர்கள், வரைபடம் தேடுவதற்குள் உங்கள் முறை முடிந்துவிடும். ஒரே தாளில் வாரத்துக்கு ஒரு வரி: இரண்டு நேரத்துண்டுகளின் நடு எண், டீச்சரின் புள்ளி, மத்தியானச் சாப்பாடு, தூங்கிய நேரம், மாத்திரை கொடுத்த நேரம். “கூட்டலாமா” என்று தொடங்குவதைவிட, “பத்து மணிவரை ஓரிடத்தில் இருக்கிறான், பதினொன்றுக்குப் பிறகு முடியவில்லை” என்று தொடங்குங்கள். அப்படியென்றால் மத்தியானத்துக்கு இன்னொரு வேளை சேர்ப்பதா, நீண்டநேரம் நிற்கும் வகைக்கு மாற்றுவதா என்று டொக்டர் யோசிக்க வழி பிறக்கும். மத்தியான வேளை என்றால் பாடசாலையில் யார் கையால் கொடுப்பது என்பதையும் டீச்சரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் எண்ணிக்கொண்டு போங்கள். இது கட்டுப்பாட்டு மருந்து, முடிந்துபோன பிறகு டொக்டரின் சீட்டு இல்லாமல் எந்த ஃபார்மசியிலும் கேட்டு வாங்க முடியாது.